ஞானஸ்நானத்துக்கு நான் பின்னிய சால்வை

புதிதாக ஒரு கைவேலை பழகுகிறவன் ஊசியைப் பிடிக்க முன்னம் வாயை மூடிக்கொள்ளப் பழக வேண்டும். நான் ஊசியை மட்டும் பிடித்தேன். மிச்சத்தை எங்கள் ஊர் பேசாலைச் சனம் கோயிலுக்குள் வைத்தே பார்த்தது.

அப்போது நான் மன்னார் நகரத்தில் ஒரு கந்தோரில் வேலை செய்துகொண்டிருந்தேன். மனைவி ஜெசிந்தா எங்கள் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். கந்தோரில் எனக்கு எதிர் மேசை ரிஹானா மிஸ். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். மதியச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் எல்லாரும் போனைத் தேய்க்கத் தொடங்க, அவர் கைப்பையிலிருந்து ஒரு கொக்கி ஊசியையும் நூற்பந்தையும் எடுத்துக் குரோசே பின்னுவார். குடும்பத்தோடு புத்தளத்தில் இருந்த காலத்தில் பழகியதாம்.

ஒருநாள் என் மேசையில் ஒரு சின்னத் தொப்பியை வைத்தார்.

"பிறக்கப்போற பிள்ளைக்கு, சேர்."

தேங்காய்ச் சிரட்டை அளவு. ஓரமெல்லாம் சிப்பி சிப்பியாக வளைவு. நான் அதை உள்ளும் புறமுமாகப் புரட்டி, தையலைத் தேடினேன்.

"எங்க மிஸ் தைச்சிருக்கு?"

"தைக்கேல்ல. ஒரே நூல்தான். துவக்கத்தில இருந்து கடைசி மட்டும் ஒரே நூல்."

வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. ஒரு நூல் தனக்குள் தானே புகுந்து புகுந்து ஒரு தொப்பியாகி நிற்கிறது! நான் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன்தான். அப்பா சூசை, வலை பொத்த இருந்தால் கிழிந்த இடம் எதுவென்று பிறகு அவருக்கே தெரியாது. ஆனால் எனக்கு வலை பொத்த வராது. (படிக்கிற பிள்ளை என்று விட்டுவிட்டார்கள். நானும் அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு நிழலில் இருந்தேன்.) அந்தத் தொப்பியைப் பார்த்ததும், என்னுடைய கையாலும் ஏதாவது ஒன்று வர வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது.

ரிஹானா மிஸ் பொறுமைசாலி. சங்கிலிப் பின்னலைக் காட்டித் தந்தார். நூலைச் சுண்டுவிரலில் சுற்றி, கொக்கியால் எடுத்து, கண்ணிக்குள்ளால் இழுக்க வேண்டும். அவர் செய்தால் மீன்குஞ்சு தண்ணீருக்குள் நுழைவது மாதிரி. நான் செய்தால் தேரை இழுப்பது மாதிரி. சதுரம் பின்னத் தொடங்கினால் முக்கோணமாகும். முக்கோணத்தைத் திருத்தப் போனால் அது வள்ளம் மாதிரி இரண்டு பக்கமும் மேலே சுருளும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதில என்ன மீன்டா படும்?"

"இது மீனுக்கில்லையப்பா."

"அது தெரியுது. ஒரு மீனும் இதுக்குள்ள வராது."

பேசாலையிலிருந்து மன்னாருக்குப் போகிற பஸ்ஸிலும் பின்னினேன். மீசை வைத்த ஆம்பிளை ஒருவன் ஜன்னலோரம் இருந்து வெள்ளை நூலோடு மல்லுக்கட்டினால் சனம் சும்மா இருக்குமா? கொண்டக்டர் தினமும் என் தலைக்கு மேலே நின்று, "அண்ணை, இண்டைக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்பார். அவர் கேட்பது ரிக்கற்றுக்கு அல்ல என்பது முழு பஸ்ஸுக்கும் தெரியும்.

இந்த நிலைமையில்தான் பிரான்சிலிருந்து பமிலா மச்சாள் வீடியோவில் வந்தார். ஜெசிந்தாவின் அக்கா. பிள்ளைக்கு அவர்தான் ஞானத்தாய் என்று ஏற்கனவே முடிவு.

"தம்பி, ஞானஸ்நானத்துக்குப் போர்க்கிற வெள்ளைச் சால்வை நான் இஞ்ச எடுத்து வச்சிட்டன். கையால செய்தது. பட்டு மாதிரி இருக்கு."

நான் "நல்லது மச்சாள்" என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டே சொல். ஆனால் நான் சொன்னது இது:

"வேண்டாம் மச்சாள். என்ர பிள்ளைக்கு நான்தான் பின்னுவன்."

திரையில் மச்சாள் அசையாமல் நின்றார். இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். அறவில்லை.

போன் வைத்ததும் ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, சதுரமே இன்னும் சதுரமா வரேல்ல. அதுக்குள்ள சால்வையோ? அக்கா எவ்வளவு ஆசையா எடுத்து வச்சிருப்பா!"

"ஒரு தகப்பன் பின்னின சால்வை எண்டு பிள்ளை நாளைக்குப் பெருமைப்படுவாள்," என்றேன். (பெண் பிள்ளைதான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு விசயத்தில் மட்டும் நான் சொன்னது சரிவந்தது.)

பிறகு பின்னினேன், பின்னினேன், அப்படிப் பின்னினேன். பிள்ளை பிறந்தாள். அவளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டு காலால் கயிறும் கையால் நூலுமாக இருந்தேன். மெல்ல மெல்ல ஓரங்கள் நேராகின. கண்ணிகள் ஒன்றையொன்று பார்த்து வரிசையில் நிற்கப் பழகின. ஜெசிந்தாவே ஒருநாள் தடவிப் பார்த்து, "வடிவாத்தான் வருது, என்ன?" என்றாள். எனக்குத் தலை கூரையில் முட்டியது. ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் பின்னேரம் கடைசிக் கண்ணியைப் போட்டு, நூலை வெட்டி, கொக்கியை உருவி, தொங்கிய வாலை உள்ளே செருகினேன். பிரான்சிலிருந்து வந்திறங்கியிருந்த மச்சாள் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "ம்ம்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்த சனம். பெரிய கதவடியில் பங்குச் சுவாமி எங்களை வரவேற்று, பிள்ளையின் பெயரைக் கேட்டார். சொன்னோம். பிறகு சுவாமி முன்னே போக, பிள்ளையை ஏந்திக்கொண்டு மச்சாள், பக்கத்தில் ஜெசிந்தாவும் நானும். சால்வை மச்சாளின் தோளில் இருந்து பின்பக்கமாக, இராணியின் உடுப்பைப் போலத் தொங்கியது. அதன் மூலையிலிருந்து நான் செருகிய நூல்வால் கழன்று கதவின் இரும்புக் கொண்டியில் மாட்டிக்கொண்டதை ஒருவரும் காணவில்லை.

நடந்தோம். இரண்டு பக்க வாங்குப் பலகைகளிலும் இருந்த சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரைத் தட்டிக் காட்டினார். 'பாருங்கோ, தகப்பன் பின்னினதாம்' என்று சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ஆகவே முகத்தில் கொஞ்சம் தாழ்மையை வரவழைத்து, தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அந்தத் தாழ்மையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடும்.

பீடத்துக்குக் கிட்டப் போய் நின்றோம். சுவாமி வாசகம் வாசித்தார். ஜெசிந்தா என் சேட்டைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்சாருங்கோ, சால்வை சின்னனாகுது."

"தூக்கிப் பிடிச்சா அப்பிடித்தான் தெரியும். பேசாமல் நில்லும்."

"இல்லையப்பா, உண்மையா சின்னனாகுது!"

திரும்பினேன். மச்சாளின் தோளிலிருந்து ஒரு வெள்ளை நூல் புறப்பட்டு, நடுவழியால் நேரே கதவடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே, பூசைக்கு வந்தால் எப்போதும் வெளியே ஒரு கால் உள்ளே ஒரு காலாக நிற்கிற என் அப்பா நின்றார். கொண்டியில் மாட்டியிருந்த நூலை ஆருடையதோ சீலையில் இருந்து கழன்றது என்று நினைத்து, சனத்தின் காலில் சிக்கப்போகிறதே என்ற நல்ல எண்ணத்தில் எடுத்துச் சுருட்டத் தொடங்கியிருக்கிறார். கடலில் கிடந்த மனுசனின் கை. ஒரு கை இழுக்க, மறு கை முழங்கையில் சுற்ற, தூண்டிற் கயிறு வாங்குகிற அதே வேகம். அவர் இழுக்க இழுக்க இங்கே என் சால்வை கண்ணி கண்ணியாகக் கழன்றது.

நான் கையைத் தலைக்கு மேலே தூக்கி வேகமாக ஆட்டினேன். நிறுத்துங்கோ என்றுதான் ஆட்டினேன். எங்கள் வள்ளத்தில் அதற்கு அர்த்தம், 'பாரம் கிடக்கு, கெதியா இழு.'

அப்பா முன்னையிலும் கெதியாக இழுத்தார். பக்கத்தில் நின்ற அவருடைய கூட்டாளி ஒருவரும் கை கொடுத்தார்.

அதற்குள் பிள்ளையின் தலையில் தண்ணீர் வார்த்து முடிந்துவிட்டது. வெள்ளை ஆடையைப் போர்க்கச் சொல்லிச் சுவாமி மச்சாளைப் பார்த்தார். மச்சாள் தோளில் கையை வைத்தார். தடவினார். இன்னும் தடவினார். கடைசியில் அவர் கையில் வந்தது ஒரு உள்ளங்கை அளவு துண்டு. அதுவும் நின்றபாடில்லை. கைக்குள் துடித்துத் துடித்துக் குறைந்துகொண்டிருந்தது.

சுவாமி அந்தத் துண்டைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். நூல் போன வழியைப் பார்த்தார். ஒலிவாங்கி அவருடைய நெஞ்சில்தான் கிடந்தது.

"சூசையண்ணை, இழுத்தது காணும். இனி இழுத்தா பிள்ளைதான் வரும்."

கோயில் கொல்லென்று சிரித்த சிரிப்பில் என் மகள் அன்றைக்கு முதல் தடவையாக அழுதாள். தண்ணீருக்கு அழாத பிள்ளை. பாரிஸ் சீலையும் உதட்டுச் சாயமுமாக நின்ற மச்சாள், குனிந்து அந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மிஞ்சியதைச் சுவாமி வாங்கி, கழுத்தில் போடும் உத்தரியத் துண்டை வைப்பது போலப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தார்.

"அளவு பரவாயில்லை," என்றார். "வெள்ளையாத்தானே இருக்கு."

வீட்டில் சாப்பாட்டுப் பந்தி முடியும் வரைக்கும் நான் அறைக்குள் இருந்துவிட்டு வெளியே வந்தேன். ஜெசிந்தா பிள்ளைக்கு உடுப்பு மாற்ற மச்சாளின் கைப்பையைத் திறந்தவள், உள்ளே இருந்து ஒரு சால்வையை எடுத்தாள். மெல்லிய தாளில் சுற்றியபடி. பிரான்ஸ் சால்வை.

"அக்கா! இதைக் கோயிலுக்குக் கொண்டு வந்தனீங்களோ? அப்ப ஏன் எடுக்கேல்ல?"

மச்சாள் கதிரையில் இருந்து சீலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, "எடுக்கத்தான் பையில கையை வச்சனான்," என்றார். "தம்பியின்ர முகத்தைப் பார்த்தன். எனக்கு மனம் வரேல்லயடி." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். மாதக் கணக்காக எங்களுக்குள் இருந்த பிணக்கு அந்தக் கதிரையடியில் கரைந்துபோனது.

அப்பாவும் வந்தார். கையில் நூல் முழுக்க, ஒரு சிக்கு இல்லாமல், பலகைத் துண்டில் சுற்றியிருந்தது. "நல்ல நூல்," என்றார். "இழுத்த இழுவைக்கு ஒரு இடத்திலயும் அறேல்ல." அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ரிஹானா மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"கழர ஏலாதே. கடைசிக் கண்ணிக்குள்ளால நூலை எடுத்து, இறுக்கி முடிஞ்சனீங்கள்தானே?"

"முடியோணுமோ?"

ரிஹானா மிஸ் மேசையில் தலையை வைத்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. "அல்லாவே, என்ர பிழைதான் சேர்," என்றார் கடைசியில். "நீங்கள் எதையும் பின்னி முடிப்பீங்கள் எண்டு நான் நினைக்கேல்ல. அதால முடியிறதைக் காட்டித் தரேல்ல."

அதே நூலில் அதே சால்வையை மறுபடி பின்னினேன். இந்தமுறை முடிந்தேன். மகள் அதற்குள்தான் நித்திரை கொண்டு வளர்ந்தாள். இப்போது அவளுடைய பொம்மைகள் நித்திரை கொள்கின்றன. நான் இப்போதும் பின்னுகிறேன். பஸ்ஸில் என் பக்கத்துச் சீற்றில் இருப்பவர்கள் தொட்டுப் பார்த்து, இந்தக் கண்ணி எப்படி வருகிறது என்று கேட்கிறார்கள். காட்டிக் கொடுக்கிறேன். ஒரு நூல் கைக்குள் உருப்பெறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அதை அனுபவித்தவனுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் "முடிஞ்சனீங்களோ?" என்ற கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. கேற்றைப் பூட்டிவிட்டு வந்தால் ஜெசிந்தா கேட்பாள். கறிக்கு உப்புப் போட்டால் மகள் கேட்பாள். கந்தோரில் கோப்பொன்றை மூடினால் ரிஹானா மிஸ் கேட்பார்.

போன வருசம் என் சித்தப்பாவின் மகனுக்குக் கலியாணம். பெண் வங்காலை ஊர்ப் பிள்ளை. மாப்பிள்ளை தாலியைக் கட்டக் கையெடுத்தார். முடிச்சு விழாமல் நூல் விரலுக்குள் வழுக்கியது. கதவடியில் இருந்து அப்பாவின் குரல் வந்தது:

"தம்பி, வடிவா முடி!"

கோயில் முழுக்கச் சிரித்தது. சிரித்த எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தாலிக்குக் குனிந்திருந்த அந்த வங்காலைப் பிள்ளையும், வாழ்க்கையில் என்னை அன்றுதான் முதன்முதல் காண்கிறவள், தலையைக் கொஞ்சம் திருப்பி என்னைத்தான் தேடினாள்.