உன் அண்ணனின் கடைசிக் கூச்சல்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் வீட்டில் உள்ளவர்களும் சுகம்தானே? இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான்; உன் அண்ணனை விட்டுவிட்டு அப்படி எழுத முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் முடிந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கட்டியும் போனது, குரலும் போனது. இது உனக்குத் தெரியும். தெரியாதது அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக் கதை. இவர் வேலை பார்க்கிற லிஃப்ட் கம்பெனியின் யூனியன் ஹாலில், இவருடைய ராக் குழு கடைசியாக ஒருமுறை வாசித்தது. இருபது வருஷமாக இவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற அதே பழைய ஹார்ட் ராக் பாட்டு. நடுவில் பதினோரு விநாடி ஒரு கூச்சல் வருமே, எங்களுக்குக் கல்யாணமான புதிதில் கீழ்வீட்டுக்காரர் திருடன் என்று நினைத்துத் தடியோடு ஓடிவந்தாரே, அதேதான். டாக்டரைக் கேட்டதற்கு, "தாராளமா பாடுங்க, இனிமே கெட்டுப்போக என்ன இருக்கு?" என்றார். ஆனால் டிரம்ஸ் அடிக்கிற பல் டாக்டர், கிடார் வாசிக்கிற வரி ஆபீஸ் குமாஸ்தா, பேஸ் கிடார் வாசிக்கிற பஸ் டிரைவர், இந்த மூன்று மகானுபாவர்களும் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சுருதியை இரண்டு கட்டை இறக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பாட்டு வெறும் குரலில்தான் தொடங்கும். இவர் பழக்கதோஷத்தில் பழைய சுருதியிலேயே எடுத்தார். கிடார் எங்கோ கீழே வந்து சேர்ந்தது. இவர் இறங்கவில்லை, அவர்களால் ஏற முடியவில்லை. குமாஸ்தா அவசரமாகக் கம்பியை முறுக்கப் போய் அது அறுந்தது. பஸ் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். கூச்சல் வந்தபோது பல் டாக்டரும் குச்சிகளை மடியில் வைத்துவிட்டார். இவர் மட்டும் தனியாகக் கத்தினார். எட்டாவது விநாடியில் குரல் கிழிந்தது. மிச்சத்துக்கு வெறும் காற்று. வந்திருந்த நாற்பது பேரும் இதெல்லாம் ஏற்பாடு என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் இவர் கேட்டது ஒன்றுதான்: "என்னால மேல போக முடியாதுன்னு எவன்டி முடிவு பண்ணான்?"

மறுநாள் இவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே பல் டாக்டரை போனில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்போது அந்த மூவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தால் இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். இருபது வருஷச் சினேகிதம் அவ்வளவுதான். நீயும் அவர்களுக்கு எழுதி, நறுக்கென்று நாலு வார்த்தை கேள்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். நீயும் உன் மனைவியும் வாய்விட்டுச் சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருங்கள்.

உன் அண்ணி

பி.கு.: அவர்களுக்கு எழுதாதே. சுருதியை இறக்கச் சொல்லி பல் டாக்டருக்கு போன் செய்தது நான்தான். அவ்வளவு திட்டியும் மனிதர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இவரிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் கட்டிலருகே போய் உட்காருகிறேன். திருப்பித் திட்ட முடியாதவரிடம் எப்படிச் சொல்வது?