ஒன்பது வீட்டு வோட்டு

மனிதகுலம் கண்ட சனநாயக வைபவங்களில், 1977இல் வெள்ளைக்காரர் ஊரான வெஸ்ட்மீட் பக்கம் நடந்த நகரசபைத் தேர்தலுக்கு ஈடு இணையே கிடையாது. குப்பைவாளி எந்தக் கிழமை எடுபட வேண்டும் என்ற மகத்தான பிரச்சினைக்கு எஞ்சினியர் ஜெயரட்ணம் தன்னையே "அர்ப்பணித்தார்". கந்தோரில் ஆறு வருசமாக "ஜெரி, ஜெரி" என்று கூப்பிடுகிறவன்கள் இனி வாய் நிறையக் "கவுன்சிலர்" என்று கூப்பிட வேண்டும். மனிசனுக்கு அந்த ஒரு ஆசைதான்.

அதற்காக மாடாய் உழைத்தார். கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு, கொட்டுகிற மழையில் எழுநூறு வெள்ளைக்கார வீடுகளின் கதவைத் தட்டினார். ஒரு நாய் கடித்தது. அந்த வீட்டுக்காரியின் வோட்டுக்காக நாயையும் தடவிக் கொடுத்தார்.

தமிழ் வீடுகள், அவருடையதோடு சேர்த்து, ஒன்பது. மற்ற எட்டுக்கும் தபாலில் துண்டுப்பிரசுரம் போனது.

"ஒருக்கா நேரை போய்ச் சொல்லுங்கோவன்," என்றாள் மனைவி ரஞ்சினி.

"எங்கடை சனத்திட்டைப் போய் வோட்டுக் கேக்கிறதோ? விசர்க்கதை! அதெல்லாம் பெட்டிக்குள்ளை விழுந்த மாதிரி."

எதிராளி, இறைச்சிக்கடை பிரையன். பன்னிரண்டு வோட்டால் வென்றான். எட்டு வீட்டு வோட்டும் எங்கே போனது என்று கேட்க, ஜெயரட்ணம் கொதித்துக்கொண்டு தமிழ்ச் சங்கத் தலைவர் யோகேஸ்வரன் வீட்டுக்குப் போனார்.

"ஓம், பிரையனுக்குத்தான் போட்டனாங்கள்," என்றார் தலைவர், வெகு பெருமையாக.

"ஐயோ, ஏன் ஓய்?"

"தபாலிலை சொன்னால் நாங்கள் கலியாணத்துக்கே போறேல்லை. பிரையன் வீடு தேடி வந்தவன். வெள்ளிக்கிழமை எண்டு தெரியாமல் சொசேஜ் கொண்டு வந்தவன்தான். எண்டாலும் வந்தவன்!"

"நான் தமிழன் ஓய்!"

"அதுதானே பிழை. வெள்ளையன் தபாலிலை சொல்லியிருந்தால் மன்னிச்சிருப்பம். எங்கடை ஒற்றுமையைப் பாத்தீரோ? ஒன்பது வீடும் ஒரே முடிவு!"

"எட்டெண்டு சொல்லும். ஒன்பதாவது என்ரை வீடு."

யோகேஸ்வரன் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார்.

ஜெயரட்ணம் விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினார்.

"நீருமோ, ரஞ்சினி?"

"பிரையன் வாசலிலை நிண்டு, 'மிஸிஸ் ஜெயரட்ணம், உங்கடை ஆதரவு வேணும்' எண்டு என்னட்டைக் கேட்டவன்," என்றாள் அவள், சட்டியைக் கழுவிக்கொண்டே. "இந்த மூண்டு மாசத்திலை நீங்கள் என்னட்டைக் கேட்டது தேத்தண்ணி மட்டும்தான்."