உர்ர் நானாவின் ஒன்பது பிரிட்ஜ்கள்

புத்தளத்திலிருந்து கற்பிட்டி முனை வரைக்கும் உருப்படியான காது உள்ள மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரையும் நாங்கள் துரத்திவிட்டோம்.

உம்மா வாப்பா அவருக்கு வைத்த பெயர் எங்கள் தில்லையடியில் யாருக்கும் ஞாபகமில்லை. பிரிட்ஜ் திருத்துகிறவர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சாமான் பெட்டியைத் திறக்கமாட்டார். பிரிட்ஜின் முதுகில் காதை வைத்து, கண்ணை மூடி, அதனோடு சேர்ந்து தானும் 'உர்ர்ர்' என்பார். அதனால் ஊருக்கே அண்ணன் முறையில் உர்ர் நானா. கோழிக்கடைக்காரரின் மனைவி ஒருநாள், "நானா, புள்ளைகள் பயப்படுதுகள்" என்று சொல்லிப் பார்த்தார். "கொஞ்சம் சும்மா இரிங்க ராத்தா, இது என்னமோ கதை செல்லுது" என்று பதில் வந்தது.

திருத்தி முடித்தாலும் கிளம்பமாட்டார். போனை பிரிட்ஜோடு ஒட்டிவைத்து அரை மணி நேரம் பதிவு செய்வார். வீட்டுக்காரர் மூச்சு விட்டாலும் முறைப்பார்.

நான் அப்போது கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். வேலை விட்டு வரும்போது அவரது திருத்தும் கடையில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடிப்பது வழக்கம். பாதி எழுத்து உதிர்ந்த லெப்டொப் ஒன்றில் அந்த உறுமல்களை இழுப்பார், வெட்டுவார், ஒன்றின்மேல் ஒன்றைப் படுக்கப்போடுவார். அடியில் தாளத்துக்குக் களப்புக் கரையில் மின்சாரம் எடுக்கும் பெரிய காற்றாடியின் 'வுப்... வுப்...'.

"இதுதான் இலக்ரோனிக் இசை, கிளாக்கர். பாட்டுக்காரன் வாணாம். சத்தமே பாடும்" என்பார். எனக்கு அது தண்ணீர் மோட்டருக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்ததுபோல் கேட்கும். "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பேன்.

நாடு முழுக்க மின்சாரம் வெட்டிய காலத்தில் ஊரே இறைச்சி பழுதாகுது என்று புலம்பியது. இவர் ஒருவர்தான் துக்க வீட்டுக்காரர் மாதிரி வாசலில் நின்று, "ஒரு சத்தமும் இல்லையே" என்று கவலைப்பட்டார். பிறகு, மின்சாரம் திரும்பும் நேரம் பார்த்து ஒழுங்கையின் நடுவில் போனும் கையுமாக நின்றார். நாற்பது வீட்டுப் பிரிட்ஜும் ஒன்றாக உறுமி எழும்பியதாம். "கேட்டீங்களா?" என்று பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. நான் என் வீட்டு ஜன்னலில் மின்விசிறி சுற்றுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படிச் சேர்த்ததில் ஒன்பதை எடுத்து ஓர் இசை அல்பமாக இணையத்தில் போடத் தீர்மானித்தார். பெயர்தான் பிரச்சினை. ஒன்று, இரண்டு, மூன்று என்றே வைத்திருந்தார்.

"பேரில்லாம எப்படி? நான் வைக்கிறேன்" என்று லெப்டொப்பை என் பக்கம் இழுத்தேன். 'டீச்சர் வீட்டுத் தடிமன்.' 'பேக்கரிக்காரரின் பெருமூச்சு.' 'உப்பு ஹாஜியார் வீட்டுக் கிழவி: இன்றைக்கோ நாளைக்கோ.' ஹாஜியாருக்கு ஏக்கர் கணக்கில் உப்பளம் இருந்தும், இருபது வருடப் பழைய பிரிட்ஜை மாற்ற மனம் வரவில்லை. தட்டத் தட்ட எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஆக்கள் கோவிக்க மாட்டாங்களா?" என்றார் நானா.

"இத எவன் நானா கேக்கப் போறான்?"

அவர் லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பி, ஒன்பது பெயரையும் விரலால் எண்ணிப் பார்த்தார். பிறகு, "அதுவும் சரிதான்" என்றார்.

கேட்டவர்கள் மொத்தம் பதினேழு பேர். அதில் ஆறு நானாவே. பிறகுதான் ஹாஜியாரின் மகளுக்குக் கற்பிட்டியில் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளையின் தம்பி, பெண் வீட்டைப் பற்றி விசாரிப்போம் என்று உப்பு ஹாஜியாரின் பெயரை இணையத்தில் தட்டியிருக்கிறான். உலகம் முழுவதிலும் கிடைத்தது அந்தக் கிழட்டுப் பிரிட்ஜின் முனகல் ஒன்றே ஒன்று. 'வீட்டில் எல்லாம் புதுச் சாமான்' என்று ஹாஜியார் பெருமையடித்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பத்துப் பேரோடு ஹாஜியார் கடைக்கு வந்தார். நான் மூலைக் கதிரையில் இருந்தேன்.

"இந்தப் பேர வெச்சது யாரு?"

நானா ஒருமுறை என்னைப் பார்த்தார். "நான்தான் ஹாஜியார்" என்றார்.

என் கையில் தேத்தண்ணி. நல்ல சூடு. ஊதி ஊதிக் குடித்தேன்.

அதன்பிறகு ஒரு வீட்டுக்காரரும் அவரைக் கூப்பிடவில்லை. பிரிட்ஜின் சத்தத்தை மட்டுமா எடுத்தான், குசினியில் சமைக்கும்போது பேசிய கதையெல்லாம் அவனிடம் இருக்கிறதாம் என்று கிளப்பிவிட்டார்கள். கடை பூட்டப்பட்டது. கட்டாருக்கு வேலைக்குப் போக முடிவெடுத்தவர், விண்ணப்பம் நிரப்ப என்னிடமே வந்தார். தொழில் என்ற இடத்தில், "இசையமைப்பாளர் எண்டு போடவா?" என்று கேட்டேன். வேடிக்கை பேசினால் மனச்சாட்சி கொஞ்சம் சும்மா இருக்கும் என்று நினைத்தேன்.

"வாணாம் கிளாக்கர். பிரிட்ஜ் எண்டே போடுங்க. இசை எண்டா ஆர் எடுப்பாங்க?"

கலியாணம் கடைசியில் அதே மாப்பிள்ளையோடுதான் நடந்தது. கூடவே ஒரு புதுப் பிரிட்ஜும் போனது. விருந்தில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஹாஜியார் எனக்குப் பக்கத்தில். குனிந்து மெதுவாகச் சொன்னேன்: "ஹாஜியார், அந்தப் பேர வெச்சது நான்."

"தெரியும்" என்றார். "அவன் ரெண்டு சொல்லச் சேத்து எழுதத் தெரியாதவன்."

"தெரிஞ்சா ஏன் அவரப் போய்..."

"உங்களத் துரத்தினா எங்களுக்குச் சிங்களத்தில கடிதம் எழுத ஆர் இரிக்கா?" என்று சொல்லி, நல்ல இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளிவைத்தார். நான் அதைச் சாப்பிட்டேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

நானா இப்போது தோஹாவில் ஏதோ ஒரு கட்டடத்தின் குளிரூட்டிகளுக்குப் பொறுப்பு. மாதத்தில் ஒருநாளாவது அழைப்பார். சலாம் சொல்லிச் சுகம் விசாரித்துவிட்டு, "இதக் கேளுங்க" என்று போனை ஏதாவது ஒரு இயந்திரத்தோடு ஒட்டிவைத்துவிடுவார். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். அந்த உறுமலில் எனக்கு இன்றைக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. அவர் வைக்கும்வரை நானும் வைப்பதில்லை.