வாளிமேல் உட்கார்ந்தால் ஓடும் ஃபேன்

கண்ணாடிக்காரர் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. தலைக்கு மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓடத் தொடங்கியது.

நிமிர்ந்து சுவிட்சைப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது. போட்டு அணைத்துப் பார்த்தார். ஃபேன் அசரவில்லை. தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தத்துடன் அது பாட்டுக்கு ஓடியது.

குழாயை மூடி, முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கொஞ்ச நேரத்தில் ஃபேனும் நின்றுவிட்டது.

"இன்னிக்கும் ஓடுச்சா சார்?" என்று கேட்டார், வீட்டில் அவர் மனைவியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மா.

"ஓடுச்சு. இதோட ஒன்பது நாள்."

"அம்மா தூங்கல. கண்ணத் தொறந்து அதையேதான் கேட்டுக்கிட்டிருக்காங்க."

கண்ணாடிக்காரரின் கவலையே அதுதான். குளியலறைக்கு அடுத்த அறையில்தான் மனைவி படுத்திருந்தாள். நாலு மாதத்துக்கு முன்பு வந்த பக்கவாதம் உடம்பின் ஒரு பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. இடது கையும் கண்ணும் காதும்தான் மிச்சம். "காது நல்லாவே கேக்கும். மனசு கலங்குற மாதிரி எதுவும் அதுல விழக் கூடாது. நீங்க சிரிச்ச முகமா இருக்கணும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவரும் அப்படியே செய்தார். தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் மூக்கில் ஃபிரேமை மாட்டிவிடுவதுபோல, அந்த அறைக்குள் நுழையும் முன் தன் முகத்தில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொள்வார். "இன்னிக்கு ஒருத்தர் வந்தாரு. மாமியார் மட்டும் மங்கலாத் தெரியிற மாதிரி கண்ணாடி இருக்கான்னு கேக்குறாரு" என்பார். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். அரை மணி நேரம் இப்படிப் பேசிவிட்டு, குளியலறைக்குப் போய்த் தாழ்போட்டு, குழாயைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்.

"பழம் நெறையச் சாப்பிடுங்க சார்" என்றார் நர்ஸம்மா ஒருநாள், கனிவாக. "இந்த வயசுல எல்லாருக்கும் இருக்குற கஷ்டந்தான்."

கண்ணாடிக்காரர் மறுக்கவில்லை. பழம் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். ஃபேன் ஓடவில்லை. டாக்டரைக் கண்டதும் காணாமல் போகிற காய்ச்சல்போல அமைதியாக இருந்தது.

"நீங்க எப்படி உக்காருவீங்களோ அப்படியே நான் உக்காந்து பாக்குறேன்" என்று எலக்ட்ரீஷியன் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே கண்ணாடிக்காரரும் நர்ஸம்மாவும் பிரசவ அறை வாசலில் நிற்பதுபோல் நின்றார்கள். கால்மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"எனக்கு ஓடல சார். உங்களப் பாத்தாத்தான் ஓடுது."

சுவிட்சுக்குள் ஈரம் இறங்கியிருக்கும் என்று சொல்லிப் புது சுவிட்சு மாட்டினார். "பழைய ஒயரிங். எது எங்க போகுதுன்னு போட்டவனுக்கே தெரியாது" என்று அலுத்துக்கொண்டே சுவரைத் தட்டினார். "என்ன சார் இது, தட்டுனா பொத்துக்கும்போல இருக்கு?"

"பாகம் பிரிச்சப்ப குறுக்க எழுப்புனது. அந்தப் பக்கம் எங்க அண்ணன் வீடு."

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு வீட்டை இரண்டாக்கியபோது, பெரிய குளியலறையையும் இரண்டாக்கினார்கள். நடுச்சுவர் நாலு அங்குலம் தன் பக்கம் தள்ளி வந்துவிட்டதாகத் தம்பி சொன்னார். அதே நாலு அங்குலம் தன் பக்கம் வந்திருப்பதாக அண்ணன் சொன்னார். அத்துடன் பேச்சு நின்றது. காலையில் அண்ணன் வாய் கொப்பளிப்பது மட்டும் தினமும் தெளிவாகக் கேட்கும். மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அண்ணன் வாசல்வரை வந்து நின்றுவிட்டுப் போனதாக யாரோ சொன்னார்கள். கண்ணாடிக்காரர் காதில் வாங்கவில்லை.

புது சுவிட்சால் ஒரு பலன் இருந்தது. குளியலறை விளக்கைப் போட்டால், மனைவியின் தலைமாட்டில் இருந்த அழைப்பு மணி அடித்தது. அன்று மாலை முகம் துடைக்க விளக்கைப் போட்டதும் மணிச் சத்தம் கேட்டு, பாதி துடைத்த முகத்துடன் அவர் அறைக்குள் ஓடினார். அங்கே அவள் திடுக்கிட்டு விழித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை மாட்ட மறந்துவிட்டார். அவளுடைய இடது கை போர்வையைப் பிசைந்தது.

பின்னால் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி இறக்கைகளுக்கு நடுவே திணித்தார். "இப்ப ஓடு பாக்கலாம்" என்று அதனிடமே சொன்னார். மாலையில் ஃபேன் ஓடப் பார்த்தது, முடியவில்லை, உறுமியது. அப்புறம் புகைந்தது. கதவிடுக்கு வழியாகப் புகை பக்கத்து அறைக்குப் போக, நர்ஸம்மா விசிறியுடன் ஓடினார். மனைவி இருமினாள். இருமி முடிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அவளை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவியபோது, எலும்பு எலும்பாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

"ஒண்ணுமில்ல. ஒரு துண்டு கருகிடுச்சு, அவ்வளவுதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு மூக்குக்குப் பொருந்தாத ஃபிரேம்போல வழுக்கி வழுக்கி இறங்கியது.

எலக்ட்ரீஷியன் திரும்ப வந்தார். கருகியதைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே ஒயரில் புது ஃபேனை மாட்டினார். அழைப்பு மணியையும் சரிசெய்தார். "இதுல சத்தமே வராது சார்" என்றார். சாயங்காலம் ஆறரைக்கு அது விமானம் கிளம்புவதுபோல ஓடியது.

"வேணும்னா நீங்க கொஞ்ச நாள் பாத்ரூம் போகாம இருந்து பாருங்களேன்" என்றார் நர்ஸம்மா.

கண்ணாடிக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார். எதை விட்டாலும் அந்தப் பத்து நிமிடத்தை அவரால் விட முடியாது. அதை நர்ஸம்மாவிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் மாலை மெயினையே இறக்கிவிட்டார். வீடு முழுக்க இருட்டானது. டார்ச்சுடன் குளியலறைக்குள் போய், தாழ்போட்டு, குழாயைத் திறந்து, வாளிமேல் உட்கார்ந்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஃபேன் பேசாமல் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

"சார், காத்து மெத்தை எறங்குது" என்று வெளியே நர்ஸம்மாவின் குரல் கேட்டது.

படுக்கைப்புண் வராமலிருக்கப் போட்ட மெத்தை அது. கரண்ட் போனால் அதன் பம்பு நின்றுவிடும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

"ரெண்டு நிமிஷம்மா."

"அம்மா ஒரு பக்கமாச் சரியிறாங்க சார். நான் முட்டுக் குடுத்துப் புடிச்சிருக்கேன். சீக்கிரம் வாங்க."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். இருட்டில் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே ஃபேன் ஓடத் தொடங்கியது.

மெயின் இறங்கியிருக்கிறது. வீட்டில் சொட்டுக் கரண்ட் இல்லை. ஃபேன் ஓடுகிறது.

ஓடிப்போய் மெயினை ஏற்றினார். மெத்தை மெல்ல எழும்பியது. மனைவியை நேராகப் படுக்கவைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.

"மெயின எறக்கியும் ஓடுதா? அப்ப அது உங்க வீட்டுக் கரண்டே இல்ல சார். வீட்டப் பிரிக்கிறப்ப பழைய சுவிட்சு ஒண்ணு அந்தப் பக்கமே நின்னு போயிருக்கும். உங்க அண்ணன் வீட்டுல யாரோ போடுறாங்க."

கண்ணாடிக்காரர் போனை வைத்தார். ஆறு வருடக் கோபம் மொத்தமும் ஒரே மூச்சில் தலைக்கேறியது. படுக்கையில் கிடக்கிறவளைத் தினமும் சத்தம் போட்டு வதைப்பதா? நாலு அங்குலத்துக்கு இப்படியுமா ஒரு மனுஷன் பழிவாங்குவான்?

செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அண்ணி திறந்தாள். உள்ளே மேசையில் பாதி சாப்பிட்ட தட்டு ஒன்று இருந்தது. குளியலறை வாசலில் அண்ணன் நின்றிருந்தார். சாப்பிட்ட கை காய்ந்துபோயிருந்தது. தம்பியைக் கண்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"எங்க வீட்டு ஃபேன நீங்கதான் போடுறீங்களா?" கண்ணாடிக்காரர் வாசலிலேயே நின்று கேட்டார். "என் மேல கோபம்னா என்னைக் கேளுங்க. பேச முடியாமக் கெடக்குறா ஒருத்தி. அவ என்ன பாவம் பண்ணினா? டாக்டர் அவ காதுல எதுவும் விழக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு, தெரியுமா உங்களுக்கு?"

அண்ணிதான் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க அழற சத்தம் அவ காதுல விழுந்துடக் கூடாதுன்னுதான் தம்பி, இவரு தெனமும் எச்சிக் கையோட எழுந்து ஓடிப்போய் அந்த சுவிட்சப் போடுறாரு."