படிக்கட்டு இல்லாத பாலத்து ஸ்டேஷன்

பேரன்புக்கும் பெருந்தொலைவுக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் சின்ன அக்கா மகன், நீங்களே 'வாலு' என்று பெயர் சூட்டிய அதே வாலு, மிகுந்த பணிவோடு எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் மாடல் பட்டறையும் பசை டப்பாக்களும் காயாமல் இருக்க வேண்டுகிறேன். இதுவரை அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. அம்மா இப்போது அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். இனி நான்.

லீவுக்கு உங்கள் பட்டறையில் இருக்கும் அந்த ஒரே ஒரு இடத்தை மாடி வீட்டு அரை மில்லிக்குக் கொடுக்கக் கூடாது என்பதே இக்கடிதத்தின் நோக்கம். அரை மில்லி என்றால் பெரியம்மா மகன்தான். எதைச் செய்தாலும் ஸ்கேலை வைத்துப் பார்த்து, "டேய், அரை மில்லி தள்ளியிருக்குடா" என்று பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவன் மாதிரிப் பதறுவதால் நான் வைத்த பெயர். என்னைவிடப் பதினோரு நாள் மூத்தவன். அதற்காக ஆயுசுக்கும் அவனை நான் 'அண்ணா' என்று கூப்பிட வேண்டுமாம். பதினோரு நாளில் அப்படி என்ன உலக அனுபவம் வந்திருக்கும், மாமா? மல்லாந்து கிடந்து அழுதிருப்பான்.

போன மாதம் பார்சலும் கடிதமும் அனுப்பினீர்கள் அல்லவா, அதுவும் என் பேருக்கு! தெருவில் நாலு பேருக்குக் காட்டிவிட்டுத்தான் பிரித்தேன். ரோட்டுப் பாலத்தின் மேலேயே ஒரு ஸ்டேஷன், பாலத்துக்குக் கீழே தண்டவாளம், ரோட்டில் நடந்து வருகிறவன் அப்படியே உள்ளே நுழைந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு கீழே ரயிலுக்குப் போகலாம், அந்த மாதிரி ஒரு மாடலை நூலகக் கண்காட்சிக்குச் செய்யுங்கள், அதைப் பார்த்து லீவுக்கு ஒருவனைக் கூப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நெஞ்சை நிமிர்த்திப் படித்துக்கொண்டே வந்தால் கடைசி வரியில் இடி. 'பாலமும் கட்டிடமும் உன் அண்ணன் செய்யட்டும். அவன் கைக்கு நிதானம் உண்டு.' எனக்குக் காதில் புகை வந்தது. ரயில் சம்பந்தப்பட்ட வேலைக்குப் புகை பொருத்தம்தான், ஆனால் நான் என்ன இன்ஜினா? கடிதத்தை எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த வேலை மேஜையின் காலுக்கடியில் செருகினேன். பார்சலில் இருந்த வரைபடங்களை அரை மில்லியிடம் கொடுத்து, "எல்லாத்தையும் உன்னையே செய்யச் சொல்லிட்டாரு" என்றேன். "அப்போ உனக்கு?" என்றான். "மேற்பார்வை" என்றேன்.

மூன்று வாரம் செய்தான், மாமா. செங்கல் செங்கலாகக் கீறினான். நெல்மணி அளவுக்குக் கடிகாரம், அதில் முள் வேறு. டிக்கெட் ஜன்னலுக்குள் விளக்கு. எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அந்த விளக்குக்கு பேட்டரியே தேவைப்பட்டிருக்காது. பார்சலில் ஐஸ் குச்சி மாதிரி மெல்லிய மரப் பட்டைகள் ஒரு கட்டு இருந்தது, நாற்பத்தெட்டு எண்ணம். "இது எதுக்குடா?" என்றான். "மிச்சம் மீதியை மாமா அள்ளிப் போட்டிருப்பாரு" என்று சொல்லி, அவன் வேலை செய்யும்போது அவற்றால் பழத்துண்டுகளைக் குத்திக் குத்தித் தின்றபடி மேற்பார்வை பார்த்தேன்.

இரண்டாவது வாரம்தான் கவனித்தேன். ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கலாம், மணி பார்க்கலாம், ஆனால் பிளாட்பாரத்துக்கு மட்டும் இறங்க முடியாது. படிக்கட்டே இல்லை! பின்சுவரில் இரண்டு வாசல், வரைபடத்தில் இருந்ததால் வெட்டிவிட்டான். இரண்டும் அந்தரத்தில் திறக்கின்றன. வரைந்தபடி எல்லாம் செய்தான், படி மட்டும் செய்யவில்லை. ஒரே ஒரு தடவை சந்தேகம் வந்து, "இந்த வாசல் எங்கடா போகுது?" என்றான். "காத்து வாங்க, அண்ணா" என்றேன். வாழ்க்கையில் அவனை மனசார அண்ணா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

கண்காட்சியன்று, அவன் தலைவாரப் போன நேரத்தில், என் பங்குக்கு ஒரு பொம்மை மனிதனை அந்த வாசலிலிருந்து நூலில் கட்டிப் பிளாட்பாரத்துக்கு மேலே தொங்கவிட்டேன். கையில் பெட்டி. ஊரே சிரிக்கட்டும் என்றுதான். நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். குனிந்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், "தாத்தா, படியே இல்லையே, இவங்க எப்படி ரயிலுக்குப் போவாங்க?" என்றாள். அரை மில்லியின் முகம் வெள்ளைக் காகிதம் ஆனது. நான் விசில் அடிக்க வாயைக் குவித்தேன். டிரைவர் தொங்குகிற ஆளைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். "முப்பது வருஷம் வண்டி ஓட்டினேன். கடைசி நிமிஷத்துல வர்றவன் எல்லாம் இப்படித்தாம்மா வருவான். இதை யோசிச்சவன் கில்லாடி!" முதல் பரிசு. யாருக்கு? அவனுக்கு! குவித்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டேன். அம்மா அங்கேயே, அத்தனை பேர் முன்னால், "அவனைப் பார்த்துக் கத்துக்கோடா" என்றார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். கில்லாடி நான்தான் என்று சொன்னால் குழி பறித்ததும் நான்தான் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் அவன் உங்கள் பட்டறைக்கு வந்து உட்கார்ந்துகொள்வான். ஆகவே உங்களிடம் மட்டும் சொல்கிறேன். படிக்கட்டை மறந்தவனுக்கு இடம் கொடுக்காதீர்கள். ஒன்பது நாளில் நீங்கள் இங்கே வரும்போது என் பெட்டி தயாராக இருக்கும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் விரல்கள் பசையில் ஒட்டாமலும் மனம் மட்டும் என்னோடு ஒட்டியும் நீடூழி இருக்க வேண்டும் என்று வாழ்த்த வயதில்லாமல் வணங்கும்,
வாலு

பின்குறிப்பு (தாளின் பின்பக்கத்தில்): கடிதத்தை உறையில் போடுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. பெருக்குவதற்காக அரை மில்லி மேஜையைத் தூக்கினான். காலுக்கடியில் இருந்த உங்கள் கடிதத்தை எடுத்துப் பிரித்தான். திருப்பினான். எனக்கு அதற்குப் பின்பக்கம் ஒன்று இருப்பதே தெரியாது, மாமா. சத்தமாகப் படித்தான்: 'ஆனால் படிக்கட்டு உன் வேலை, வாலு. வரைபடம் கீழே. பக்கத்துக்கு இருபத்துநாலு படி. இதுதான் இதில் கஷ்டமான வேலை, நிதானமான கைக்கு வராது, துறுதுறு கைக்குத்தான் வரும். முடித்துக் காட்டு, லீவுக்கு அந்த இடம் உனக்கு.'

அடி விழும் என்று காத்திருந்தேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பட்டை எத்தனை மிச்சம்?" "பழத்தோட போச்சுண்ணா." மிச்சமிருந்த அட்டையையும் ஸ்கேலையும் எடுத்து உட்கார்ந்தான். இதோ, நாற்பத்தெட்டும் வெட்டி வரிசையாக என் முன்னால் வைத்திருக்கிறான். அரை மில்லி கூடத் தள்ளவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. நாலு படி ஒட்டிவிட்டேன்.

ஆகவே மாமா, என் கடிதத்தில் பின்பக்கத்தை மட்டும் படியுங்கள். முன்பக்கம் உங்கள் மேஜைக் காலுக்கு.