வயதே ஆகாத மனுக்கள்

ஒரு மனு பிறந்தால், முப்பது நாள் முடியும்வரை அதை யாரும் பரிசீலிக்கக் கூடாது. அவசர முடிவு அலுவலகத்துக்கு ஆகாது. தொண்ணூறு நாள் தாண்டிவிட்டால், ஏன் தாமதம் என்று மேலிடத்துக்குத் தனித்தனியாக விளக்கம் எழுத வேண்டும். எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான விதிகள் இந்த இரண்டும்தான். நடுவில் இருக்கும் அறுபது நாளில் என்ன செய்வது என்று எந்த விதியும் சொல்லவில்லை. அதனால் ஒன்றும் செய்வதில்லை. அப்படியும் வாரத்துக்கு ஒன்றிரண்டு மனு தவறிப்போய் முடிந்துவிடும்.

நான் அங்கே தட்டச்சு வேலை பார்க்கிறேன். கணினியில் கிடந்த ஆறாயிரத்துச் சொச்சம் மனுக்களில் ஒன்று என்னுடையது. என் மகளின் பிறப்புப் பதிவில் வருடத்தை மாற்றி ஏற்றிவிட்டார்கள். பதிவின்படி அவள் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள்.

"வயசு முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. ஒண்ணாம் வகுப்புல எப்படிம்மா சேர்க்கிறது?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். சேர்க்கை முடிய இரண்டே மாதம்.

"விடு, அவளுக்குப் பென்ஷன் வந்துட்டா நாம உக்காந்து சாப்பிடலாம்," என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாம் சிரிப்புதான். மனு கொடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எனக்கு முன்னால் இன்னும் பதினோரு பேர்தான் என்று நான் தினமும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லா ஆவணங்களும் உடனடியாக 'நவீனத் தோற்றப் பொலிவு' பெற வேண்டும்: புது எழுத்துரு, தலையில் புதுச் சின்னம், ஓரத்தில் ஒரு நீலக்கோடு. நீலக்கோடு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பெரிய பெரிய நாடுகளில் எல்லாம் இருக்கிறதாம்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "ஒரு மனுவைத் திறந்து, மாத்தி, சேமிக்க எவ்வளவு நேரமாகும்?"

"அஞ்சு நிமிஷம் சார்."

விரல்விட்டு எண்ணினார். "அப்ப மூணு மாசம். தாராளமா செய்மா."

"மேக்ரோ எழுதினா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும் சார். ஒரு தடவை சொல்லிக்கொடுத்துட்டா போதும். கணினியே ஒவ்வொண்ணா திறந்து, மாத்தி, சேமிச்சு, மூடிட்டு அடுத்ததுக்குப் போயிடும்."

"அதுக்கு யார்கிட்ட அனுமதி வாங்கணும்?"

"யார்கிட்டயும் வேணாம் சார்."

"அனுமதியே வேணாமா?" அவர் முகம் வாடிவிட்டது. கடைசியில் அவரே ஒரு அனுமதிக் கடிதம் எழுதி, அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் இருவருக்கும் நிம்மதி.

மேக்ரோவை ஓடவிட்டு நான் சாப்பிடப் போனேன். கை கழுவிவிட்டு வந்தபோது அத்தனை மனுவும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றன. எனக்கே பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் பதிவேட்டு அண்ணன் கூப்பிட்டார். கணினி வருவதற்கு முன்பு பதிவேடு எழுதியவர் அவர். பதிவேடு நாகரிகமாக இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். பெயர் மட்டும் அவரோடு நின்றுவிட்டது.

"தங்கச்சி, இங்க வந்து பாரு. ஒரு மனுவுக்கும் வயசே இல்ல!"

எட்டிப் பார்த்தேன். பதிவேடு போனதிலிருந்து, கணினியில் 'கடைசியாக மாற்றிய தேதி' என்று ஒன்று தெரியுமே, அதைத்தான் மனுவின் பிறந்தநாளாக வைத்துக்கொண்டிருந்தோம். மேக்ரோ எல்லா மனுவையும் தொட்டுச் சேமித்திருந்தது. ஆகவே எல்லா மனுவும் நேற்றுப் பிறந்தவை. என் மகளுடையதும்தான். பதினோரு பேருக்கு அடுத்து நின்றவள் இப்போது ஆறாயிரம் பேரோடு கும்பலில் நிற்கிறாள்.

அதிகாரி முன்னால் போய் நின்றேன். "தப்பு நடந்துபோச்சு சார்."

அவர் திரையைப் பார்த்தார். "தொண்ணூறு நாள் தாண்டினது எத்தனை?"

"ஒண்ணுமில்ல சார்."

"விளக்கம் எழுத வேண்டியது?"

"ஒண்ணுமில்ல சார்."

"இதுக்குப் பேரு தப்பாம்மா?" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

மேலிடத்துக்கு 'நிலுவை: இல்லை' என்று அறிக்கை போனது. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதமும், சட்டம் போட்ட சான்றிதழும் வந்தன. நல்ல காரியத்தை ஒரு தடவையோடு விடலாமா? இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை மேக்ரோ ஓட வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. காரணம், 'தோற்றப் பராமரிப்பு'. ஒரு மாதம் எழுத்தளவைப் பன்னிரண்டாக்க வேண்டும், அடுத்த மாதம் பதின்மூன்றாக்க வேண்டும்.

"முப்பது நாள் ஆனாத்தானே சார் பரிசீலிக்க முடியும்? இருபத்தெட்டுலயே திரும்பப் பிறந்துட்டா?"

"விதிப்படி முப்பது நாள் ஆகாத மனுவை நாம தொடலாமா?"

"கூடாது சார்."

"அப்புறம் என்ன? விதியை மீறச் சொல்றியா?"

விதி அவருக்குத் தெரியும். ஆனால் மேக்ரோ எனக்குத் தெரியும். அடுத்த முறை ஓடவிடுவதற்கு முன்னால் அதில் ஒரு வரி சேர்த்தேன்: இந்த எண் வந்தால் தொடாதே, தாண்டிப் போ.

முப்பத்தோராம் நாள் பரிசீலனைப் பட்டியல் தயாரானது. தகுதி பெற்ற மனுக்கள்: ஒன்று.

அதிகாரி பட்டியலைத் தூக்கிப் பிடித்தார். "இது எப்படித் தப்பிச்சது?"

"என் பொண்ணோடது சார். பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. எனக்கு வேற வழி தெரியல." வேலை போனது என்றே நினைத்தேன்.

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நிராகரிக்க வேண்டுமானால் ஐந்து பக்கத்துக்குக் காரணம் எழுத வேண்டும். ஏற்பதற்கு ஒரு கையெழுத்து போதும். கையெழுத்துப் போட்டார். மூன்று நிமிடத்தில் என் மகள் எனக்கு மகளாகிவிட்டாள்.

நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

"கதவைச் சாத்திட்டு உள்ள வாம்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "எங்க அக்காவோட நில அளவு மனு ஒண்ணு உள்ள கிடக்கு. நாலு வருஷமாச்சு. அக்கா போன் பண்ணினாலே எனக்கு வேர்த்துடுது. அதையும் தாண்டிப் போகச் சொல்ல முடியுமா?"

"நீங்களே கையெழுத்துப் போடலாமே சார்?"

"முப்பது நாள் ஆகணுமே!"

சேர்த்தேன். அன்று மாலைக்குள் பதிவேட்டு அண்ணன் தன் மச்சானின் எண்ணைக் கொண்டுவந்தார். அப்புறம் ஓட்டுநர், காவலாளி, மேலிடத்து அதிகாரியின் சம்பந்தி. இப்போது என் தாண்டும் பட்டியலில் நூற்று நாற்பது எண்கள் இருக்கின்றன. நம்மைத் தெரிந்தவர்களின் மனுக்களுக்கு நாளாக ஆக வயதாகி, கையெழுத்து விழுகிறது. மற்றவை என்றும் இளமையோடு இருக்கின்றன. பக்கத்து அலுவலகங்களும் மேக்ரோவைக் கேட்டு வாங்கிப் போயின. நான் நடந்து போனால் இப்போது இரண்டு பேராவது எழுந்து நிற்கிறார்கள். என் மகள் ஒன்றாம் வகுப்பில் நன்றாகவே படிக்கிறாள்.

போன வாரம் ஒரு பெண் ஜன்னலுக்கு வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி.

"இவ வயித்துல இருக்கும்போது கொடுத்த மனு மேடம். இப்ப இவ ரெண்டாவது படிக்கிறா."

எண்ணைத் தட்டிப் பார்த்தேன். பட்டியலில் இல்லை. திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"தேதியைப் பாருங்க. முந்தாநேத்துதானே வந்திருக்கு?"

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு மகளை உச்சி முதல் பாதம்வரை பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள். கணினியில் இருக்கும்போது யார்தான் என்ன சொல்ல முடியும்?

"அப்ப நான்தான் அவசரப்பட்டுட்டேன் போல. மன்னிச்சுக்கோங்க மேடம்," என்றாள்.

"பரவாயில்லம்மா," என்று மன்னித்து அனுப்பினேன்.