கோந்து சாரின் கணக்கு

எந்த இரண்டு பொருளைப் பார்த்தாலும், ‘இது அதோடு எந்த இடத்தில் ஒட்டும்?’ என்று கவலைப்பட்ட ஒரே மனிதர், மேனாம்பேட்டில் என் பக்கத்து அறையில் குடியிருந்த கோந்து சார்தான். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்களெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் நட்டு போல்ட்டோடு மல்லுக்கட்ட, அவர் ஆராய்ச்சி மாணவர். உடம்புக்குள் ஒரு புரதம் இன்னொரு புரதத்தோடு எந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்ல வேண்டும். அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சும்மாவே பாடம் எடுத்தார். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை மெஷின் அவருக்கு. பாதிக் கணக்கில் கரண்ட் போனால் யாரையும் திட்டமாட்டார். மெஷினைத் தடவி, “பரவால்லப்பா, மொதல்லேருந்து போலாம்” என்பார்.

ஆவடி பஸ்ஸில் அவரோடு போவது தனி அவஸ்தை. “பாருங்க சார், அந்தப் பெரியவர் தொப்பை, முன்னாடி நிக்கிறவர் முதுகுப் பள்ளம். என்னா கச்சிதம்!”

பெரியவர் திரும்பினார். “இன்னா நைனா, நக்கலா?”

“இல்லீங்க, பாராட்டறேன்” என்றார் கோந்து சார், நிஜமாகவே. நான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தேன்.

ஒரு ஜோடிப் புரதத்துக்கு அவர் விடை சொல்லியிருந்தார். அதே ஜோடி ஒட்டியிருப்பதை வெளிநாட்டில் நிஜமாகவே படம் பிடித்துவிட்டார்கள். விடை பொருந்தினால் அமெரிக்காவில் வேலை. பொருந்தாவிட்டால் இன்னொரு வருஷம் இதே கணக்கு.

படம் வந்த அன்று மெஸ்ஸில் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோந்து சார் வந்தார். “எதிர்ப்பக்கம் ஒட்டியிருக்கு, சார்.”

மெஸ் நடத்திய அக்கா, “முன்னால ஒட்னா இன்னா, பின்னால ஒட்னா இன்னா? ஒட்டிகிச்சில்ல? குந்து, துன்னு” என்றார்.

கோந்து சார் உட்காரவில்லை. பூரி மாவில் இரண்டு உருண்டை எடுத்தார். “ரெண்டும் கல்லாட்டம் இருக்கும்னு நெனச்சுக் கணக்குப் போட்டுட்டேன். கிட்ட வந்ததும் இது வளைஞ்சு அதுக்கு எடம் குடுத்திருக்கு, சார்!” தோற்றவர் முகமாகவே அது இல்லை.

“யோவ், மாவை வெய்யா கீய!” என்று அக்கா கத்தினார்.

“இன்னும் ஒரு வருஷம் இங்கதான்” என்றார் கோந்து சார். எல்லோரும் ‘த்சொ’ கொட்டினோம். நானும் கொட்டினேன். உள்ளுக்குள் எனக்கு அப்படியொரு சந்தோஷம். அவர் எங்கேயும் போகவில்லை.